கரை இறங்கியதும் முதல் கேள்வி: கடல்வழி வீடு திரும்பும் தென்காசிக்காரரும் சுங்கமும்

தென்காசி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது, விமான நிலையமும் கிடையாது. ஆனாலும் சுங்கக் கூடத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஊர்கள் இங்கே பல உண்டு. கடையநல்லூர், தென்காசி, வடகரை, அச்சன்புதூர் என்று எந்த ஊரில் விசாரித்தாலும் சபுர், அதாவது பிழைப்புக்காக வெளிநாடு, போய்த் திரும்பியவர் ஒருவராவது குடும்பத்தில் இருப்பார். தாத்தா சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்திருப்பார், தகப்பனார் துபாயிலிருந்து விமானத்தில் வந்திருப்பார். இப்போது பேரப்பிள்ளைகள் சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நாலைந்து நாளில் திரும்பிவிடுகிறார்கள். பயணத்தின் காரணம் தலைமுறைக்குத் தலைமுறை மாறினாலும், கரை இறங்கியதும் சந்திக்கும் கேள்வி மாறவில்லை: "என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் என்ன பதில் சொல்லி வந்திருக்கிறார்கள், சட்டம் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறது, இரண்டுக்கும் இடையில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. பிடிபடுகிறவர்களில் கடத்தல்காரர்களை இங்கே பேசவில்லை. சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் சாதாரணக் குடும்பங்களைத்தான் பேசுகிறேன்.

இந்தச் சீமைக்கு எல்லை வரி புதிதல்ல. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. குற்றாலமும் தென்காசியும் பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலிச் சீமையில் இருந்தன. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஒரு நடை நடந்தால் வேறொரு ராஜ்யம். செங்கோட்டை நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையை இன்றும் பார்க்கலாம். 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை பெரும்பாலான சரக்குகளுக்கு எல்லை வரியை நீக்கியது. ஆனால் புகையிலை போன்ற சிலவற்றுக்கு வரி நீடித்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரி கட்டாத புகையிலை போய்க்கொண்டிருந்ததற்கு அதுவே காரணம். பிற்காலத்தில் புளியரையில் விற்பனை வரிச் சோதனைச் சாவடி வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. அமலானபோது அதற்கும் வேலை முடிந்தது. சாவடி என்றால் மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடம், அங்கே பேசாமல் கடந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் இந்த ஊர்களில் ஆழமாகப் பதிந்ததற்கு இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். கடல்வழிச் சுங்கத்தில் அந்த எண்ணம்தான் ஆளை மாட்டிவிடுகிறது.

கப்பல் காலத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறி, துறைமுக வேலையிலும் சிறு வணிகத்திலும் காலூன்றின. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. 1946இல் அவர்கள் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியே நிறுவினார்கள். அந்த மக்களை ஏற்றி இறக்கிய கப்பல்களில் பெயர்பெற்றது ரஜூலா. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற வழியில் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் பலர் இறந்தார்கள். மலேயாக் கப்பல் பயணம் என்ற வாழ்க்கைமுறை அத்துடன் முடிவுக்கு வந்தது.

அன்று கப்பலில் வந்தவரிடம் நேரம் இருந்தது. ஒரு வாரப் பயணத்தில், முன்பு வந்து போனவர்கள் புதிதாக வருகிறவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் பொருளைத் தனியாக வைக்க வேண்டும், எதற்கு ரசீது காட்ட வேண்டும், எத்தனை கைலி இருந்தால் வியாபாரச் சரக்கு என்று சந்தேகப்படுவார்கள் என்பதெல்லாம் கப்பல் தளத்திலேயே பாடமாகிவிடும். நாகப்பட்டினத்தில் இறங்கும்போது கோடாலித் தைலமும் கைலியும் துணிகளும் நிறைந்த பெட்டியைத் திறந்து காட்டுவதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. விமானம் அந்த ஒரு வாரப் பாடத்தை நாலு மணி நேரமாகச் சுருக்கியது. வளைகுடாப் பயணம் பெருகிய 1970களுக்குப் பிறகு டேப் ரிக்கார்டரும் வீடியோவும் வந்தன, கூடவே தங்கமும் வந்தது. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை தங்கம் என்றாலே குற்றம் என்ற பயம் இருந்தது. அடுத்தவர் சரக்கைச் சுமந்து வரும் 'குருவி'கள் பெருகிய காலமும் அதுதான். குருவி செய்த காரியத்துக்காகக் குடும்பத்தோடு வந்தவர்களும் சந்தேகப் பார்வைக்கு ஆளானார்கள். அந்தக் கசப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது சொகுசுக் கப்பல். 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. ஒன்றிய அமைச்சர் சர்பானந்த சோனோவால் கொடியசைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்பது அதன் வழி. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பலும் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. 2011இல் தூத்துக்குடி – கொழும்பு கப்பல் சில மாதங்களே ஓடி நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். இந்தப் பயணங்களில் போகிறவர்கள் பெரும்பாலும் சபுராளிகள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குற்றாலத்தில் விடுதி நடத்துகிறவர்கள், புதிதாகத் திருமணமான தம்பதிகள் போன்றோர். வெளிநாட்டுச் சுங்கத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இவர்கள். கடைசி இரவில் பெட்டிக்கு அடையாளச் சீட்டுக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடுவார்கள். காலையில் இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்து, முனையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்கேனர் வழியாக வர வேண்டும். தாம் போனது உல்லாசப் பயணம் என்பதால் சுங்கமும் பேருக்குத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு வேறுபாடே இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்பிய கப்பலிலிருந்து இறங்குகிறவர், துபாய் விமானத்திலிருந்து இறங்குகிறவரைப் போலவே 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி தம் பெட்டியில் இருப்பதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். சென்னை – விசாகப்பட்டினம் – புதுச்சேரி என்று இந்தியக் கரைக்குள்ளேயே சுற்றும் பயணத்துக்கு இது பொருந்தாது.

கப்பலுக்குள் இருக்கும் கடையைப் பற்றிய குழப்பம் தனி. 'டூட்டி ஃப்ரீ' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் ஊர் வரை வரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாடு செல்லும் கப்பலில் இருப்புச் சரக்கைக் கடலில் பயன்படுத்தும்வரை வரி கிடையாது. சுங்கச் சட்டத்தின் 87ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. துறைமுகத்துக்குள் கப்பல் வந்ததும் கடையை மூடிவிடுவதும் அதனால்தான். கப்பலில் குடித்த மதுவுக்குக் கணக்கில்லை. கையில் எடுத்துக்கொண்டு இறங்கும் பாட்டில், வரியின்றி உங்களுக்கு அனுமதிக்கும் 2 லிட்டர் அளவில் சேரும். கடிகாரமும் வாசனைத் திரவியமும், வரியின்றிப் பொருள் கொண்டுவர உங்களுக்குள்ள சலுகைத் தொகையில் சேரும். சிங்கப்பூர்க் கடையில் கட்டிய வரியைத் திரும்பப் பெற்றவருக்கும் இதே விதிதான். அங்கே வரி இல்லை என்றால் அந்த நாடு விட்டுக்கொடுத்தது என்று மட்டுமே பொருள்.

சலுகைத் தொகையின் வரலாறு கப்பல் பயணிக்குச் சாதகமாகவே நகர்ந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டு விதிகளில், மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ வெளியே இருந்து வருகிறவருக்குச் சலுகை மிகக் குறைவு. குறுகிய கப்பல் பயணத்தை அது நேராகப் பாதித்தது. 2016 ஏப்ரலில் வந்த விதிகள் அந்த நாள் கணக்கை எடுத்துவிட்டு, தாய்நாடு திரும்பும் இந்தியருக்குப் பொதுச் சலுகையை 50,000 ரூபாய் ஆக்கின. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் விமானத்திலும் கப்பலிலும் வருகிறவர்களுக்கு அதை 75,000 ஆக உயர்த்தின. ஒருவர் சலுகையை இன்னொருவரோடு சேர்த்துக் கணக்கிட முடியாது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கு ஒரே பொருளை வாங்கி வந்தால் அது ஒருவர் கணக்கில்தான் ஏறும். குடும்பமாகப் போகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில். பிளாட் பேனல் டிவிக்கு 2013 ஆகஸ்டிலிருந்து சலுகையே இல்லை. சிகரெட் 100, மது 2 லிட்டர் என்ற அளவுக்கு மேல் போனால் அந்தப் பகுதிக்குத் தனியான, கூடுதலான வரி. கையில் 5,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளிநாட்டு நோட்டு இருந்தால் அறிவிக்க வேண்டும். மின்சிகரெட்டும் ட்ரோனும் வரி கட்டினாலும் கொண்டுவர முடியாதவை.

அடுத்து நகை. தென்காசிப் பகுதி வீடுகளில் இதைப் பற்றித்தான் அதிகமும் தவறாகப் பேசப்படுகிறது. "பெண்ணுக்கு நாற்பது கிராம், ஆணுக்கு இருபது கிராம் ஃப்ரீ" என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குப் பின்னால் உள்ள நிபந்தனை யாருக்கும் மனப்பாடமில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. ரியாத்தில் வேலைபார்த்து இரண்டு ஆண்டு கழித்து வரும் மகனுக்கு அது உண்டு. அவனைப் பார்க்கப் போய் ஒரு மாதத்தில் திரும்பும் அம்மாவுக்கு இல்லை. ஐந்து நாள் கப்பலில் போய்க் கொழும்பில் சங்கிலி வாங்கியவருக்கும் அந்தச் சலுகை இல்லை. கட்டியாகவோ காசாகவோ வரும் தங்கம் எந்தப் பொதுச் சலுகையிலும் சேராது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்தவர் ஒரு கிலோ வரை சலுகை வரியில் கொண்டுவர வழி இருக்கிறது. அதற்கும் வரியை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. மறைத்துக் கொண்டுவருவதன் லாபமும் அதோடு குறைந்தது.

அரசின் பக்கத்திலும் ஒரு பெரிய குறை நெடுநாள் இருந்தது. 2016 விதிகளில் 20 கிராமுக்கு 50,000 ரூபாய், 40 கிராமுக்கு 1 லட்சம் என்று மதிப்பு உச்சவரம்பும் கூடவே வைத்திருந்தார்கள். கிராம் 2,500 ரூபாய் என்ற கணக்கு அது. 2025இல் தங்கம் கிராமுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியபோது, 20 கிராம் சலுகை நடைமுறையில் 5 கிராமுக்கும் கீழே போய்விட்டது. விதியில் இருபது கிராம் என்று படித்துவிட்டு நம்பிக்கையோடு வந்தவர் கூடத்தில் குற்றவாளியாக நின்றார். தங்கத்தின் விலை நான்கு மடங்கு ஆகும்வரை அந்தத் தொகையைத் தொடாமல் விட்டது பெரிய அநீதி என்பதே என் தீர்ப்பு. 2026 விதிகள் மதிப்பு வரம்பை நீக்கி, எடையை மட்டும் வைத்தன. அது பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

உடம்பில் அணிந்திருக்கும் நகை இன்னொரு வழக்கு. இலங்கையிலிருந்து வந்த புதுமணப்பெண் ஒருவரிடம் சென்னை விமான நிலையத்தில் தாலிக்கொடி உள்ளிட்ட நகைகளைப் பறிமுதல் செய்ததை எதிர்த்த வழக்கில், 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் நகைகளைத் திருப்பித் தர உத்தரவிட்டது. பயணப்பெட்டி விதிகள் பெட்டிக்குரியவை, அணிந்திருக்கும் நகைக்குரியவை அல்ல என்பது நீதிமன்றத்தின் பார்வை. தாலியைக் கழற்றச் சொல்வது நம் மண்ணில் என்ன காயத்தை உண்டாக்கும் என்று அதிகாரிகள் உணர வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அதைக் காட்டிப் புது நகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்து. பழைய நகையா, வாங்கி வந்த நகையா என்று கேள்வி எழுந்தால், நிரூபிக்க வேண்டியவர் பயணிதான்.

இதற்கு மிக எளிய காப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதுதான் எனக்கு மனவருத்தம். இங்கிருந்து புறப்படும்போதே விலையுயர்ந்த நகையையும் கேமராவையும் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அந்தத் தாளைக் காட்டினால் கேள்விக்கே இடமில்லை. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நகை போட்டுக்கொண்டு கப்பல் ஏறும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், சொகுசுக் கப்பல் பயணிக்கு இந்தச் சான்று பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடி முக்கியம். ஏறும் அவசரத்தில் சுங்க அதிகாரி இருக்கும் மேசையைத் தேடிப் போக வேண்டுமே என்று விட்டுவிடுகிறார்கள்.

கப்பலில் வேலைபார்க்கும் பிள்ளைகளின் நிலை வேறு. சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் சேர்ந்து உலகம் சுற்றும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கரை இறங்கும்போதும் பயணிக்குள்ள சலுகை அவர்களுக்கும் உண்டு என்று நினைப்பது தவறு. 2016 விதிகளில் அவர்களுக்கு அனுமதித்தது சாக்லேட், பாலாடைக் கட்டி, அழகுப் பொருள் போன்ற சிறு பரிசுகள், அதுவும் 1,500 ரூபாய் வரை. ஒப்பந்தம் முடிந்து கணக்குத் தீர்த்து வரும்போதுதான் மற்றப் பயணிகளைப் போல நடத்தப்படுவார்கள். ஆகவே தங்கைக்கு வாங்கும் கைப்பேசியை ஒப்பந்தத்தின் நடுவில் கொண்டுவராமல், முடித்து வரும்போது கொண்டுவருவதே புத்தி.

குற்றாலத்துக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புச் செடிகளைக் கொண்டுவந்து குற்றால மலைச்சரிவில் தோட்டம் போட்டார்கள். இன்று சீசனில் நாம் வாங்கித் தின்னும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் கடல் கடந்து வந்த மரங்களின் வழித்தோன்றல்களே. இந்தப் பழக்கத்தில் இலங்கைக்குப் போனவர்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காப் பக்கத்து நாற்றையோ விதையையோ பையில் போட்டுக்கொண்டு வர ஆசைப்படுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் அது உள்ளே வர முடியாது. மற்ற விதிகளில் பணம்தான் பிரச்சினை. இந்த விதி மட்டும் நம் மலையையே காக்கிறது. ஒரு நாற்றோடு வரும் பூச்சி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய், மிளகு, தென்னை எல்லாவற்றுக்கும் பரவலாம். தயவுசெய்து கொண்டுவராதீர்கள். பதப்படுத்திப் பாக்கெட்டில் அடைத்த தேயிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியே மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? அறிவிக்க எதுவும் இல்லாதவருக்கான பச்சை வழியில் வரிக்குரிய பொருளோடு நடந்தால், அந்தப் பொருள் 111ஆம் பிரிவில் பறிமுதலுக்குரியது, 112ஆம் பிரிவில் அபராதமும் உண்டு. அறிவிக்க வேண்டியவருக்கான சிவப்பு வழியில் போய்த் தாமாகச் சொன்னவர் வரியைக் கட்டிவிட்டு ரசீதோடு போகலாம். 2016 விதிகளின் காலத்தில் சலுகைக்கு மேற்பட்ட பொருளுக்கு மொத்தம் 38.5 சதவீதம் வரி. அதிகம்தான், ஆனால் தொலைந்துபோகும் பொருளின் முழு விலையையும் அபராதத்தையும் கூட்டிப் பார்த்தால் எது இலாபம் என்பது தெரியும். கையில் பணம் இல்லை, அல்லது சீக்கிரம் வெளிநாடு திரும்பப் போகிறோம் என்றால், உண்மையாக அறிவித்த பொருளை 80ஆம் பிரிவின்படி சுங்கத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும், அதிகாரி தாமாக முன்வந்து சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது.

பறிமுதல் ஆகிவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். காரணத்தைப் பதிவுசெய்து இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் தராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். "நோட்டீஸ் வேண்டாம்" என்று அச்சடித்த தாளில் கூடத்திலேயே கையெழுத்து வாங்கிவிடும் வழக்கத்தை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் பல வழக்குகளில் செல்லாது என்று கண்டித்திருக்கிறது. இரவு முழுக்கப் பயணம் செய்து களைத்து வந்தவர், வீட்டுக்குப் போனால் போதும் என்று நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவு வந்தால் 60 நாளுக்குள் ஆணையரிடம் (மேல்முறையீடு) முறையிடலாம். அங்கும் தோற்றால், பயணப்பெட்டி வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போகாது, ஒன்றிய அரசிடம் மறு ஆய்வுக்குப் போகும். இந்த வழி தெரியாமல் தீர்ப்பாயத்துக்கு அலைந்து காலக்கெடுவைத் தவறவிடும் ஆபத்து உண்டு.

சுங்கத் துறையிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. விதிகள் இருக்கின்றன, இணையத்திலும் இருக்கின்றன. அதிதி என்ற கைப்பேசிச் செயலியும் 2019இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தத் தகவல் பயணியின் கைக்குப் போய்ச் சேரும் இடம் தவறு. இறங்கும் கூடத்தில் தொங்கும் பலகையைப் படித்துப் பயனில்லை, வாங்க வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. தென்காசியிலும் கடையநல்லூரிலும் டிக்கெட் போடும் பயண முகவர் கடையில், டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை போக வேண்டும். இந்த மாவட்டத்தார் அதிகம் பயன்படுத்தும் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் மலையாளத்தோடு தமிழிலும் அறிவிப்பு வேண்டும். 2019இல் மாவட்டமான தென்காசியின் ஆட்சியர் அலுவலகமும் ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால் இது நடக்கக்கூடிய காரியம்.

அதுவரை பயணம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் வாரத்தில் அன்றைய விதியைச் சுங்கத் துறையின் தளத்தில் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் வரி விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். நகைக்கு ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். அடுத்தவர் கொடுக்கும் பொட்டலத்தை, அது சொந்தக்காரர் கொடுத்ததாக இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போங்கள். கட்டிய வரி ரசீதை ஆரியங்காவு தாண்டி வீடு வந்து சேர்ந்த பிறகும் பத்திரமாக வைத்திருங்கள். அந்தப் பொருளை அடுத்த பயணத்தில் எடுத்துப் போனால் அதே ரசீது மறுபடியும் தேவைப்படும்.